வெள்ளைப் பொட்டுக்குக் கீழே

மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். எக்ஸ்பைரி தேதி பார்க்காமல் ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில் போடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர் பழைய கார் வாங்கப் புறப்பட்டால் கேட்க வேண்டுமா? நாலு மாதத்தில் பதிமூன்று வண்டி பார்த்தார். பதிமூன்றையும் உதட்டைப் பிதுக்கி ஒதுக்கிவிட்டார். ஒன்றில் சர்வீஸ் புத்தகமே இல்லை. இன்னொன்றில் புத்தகம் இருந்தது, ஆனால் எல்லாப் பக்கத்திலும் ஒரே பேனா, ஒரே மை. மூன்று வருடத்து சர்வீஸை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிய மாதிரி.

"கம்பெனி சர்வீஸ்னு எழுதியிருக்கான் மாமா. எழுதினது சரி, செஞ்சானான்னு யாருக்குத் தெரியும்? நாம என்ன பக்கத்துலயா நின்னோம்?" என்றார் ஒருநாள் மாமனார் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

அதை யாரிடம் கேட்டார் என்பதுதான் விஷயம். மாமனார் இருபத்திரண்டு வருடம் ஒரு கார் டீலரின் சர்வீஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. கடைசிப் பதினொரு வருடம் மேற்பார்வையாளர். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியின் புத்தகத்திலும் சீல் குத்திக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. பட்டறையில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களே கிடையாது. எல்லாருக்கும் அவர் சீல் அண்ணன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரோட்டோரப் பட்டறைன்னா நீங்க சொல்றது சரி மாப்ளே. டீலர் சீல் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். அங்க ஒரு போல்ட்டைத் திருகினாக்கூட அதுக்கு முறை இருக்கு. என் கையெழுத்தை நம்பாம வேற எதை நம்புவீங்க?"

மகள் சிரித்தாள். "அப்பாவைச் சீண்டாதீங்க. அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்காது."

சீல் அண்ணனின் மனைவி மட்டும் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டாள்.

அந்தப் பார்வைக்குக் காரணம் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் அவர் நல்ல வேலைக்காரர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். டீலர் பட்டறையின் முறைகளை அவர் அளவுக்கு மதித்தவர்கள் அங்கே வேறு யாரும் இல்லை. அதில் ஒரு முறை உண்டு. வண்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே முக்கியமான போல்ட்டுகளின் தலையிலிருந்து அடியில் இருக்கும் மூடி வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். போல்ட்டைக் கழற்றினால் கோடு இரண்டு துண்டாகிவிடும். என்னதான் திரும்ப முடுக்கினாலும் இரண்டு துண்டும் நேராகச் சேராது. பட்டறையில் வேலை முடித்தவர் அந்த போல்ட்டின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. பொட்டைப் பார்த்துத்தான் சீல்.

அவர் மேற்பார்வையாளர் ஆன வருடம் புது மேனேஜர் ஒருவர் வந்து சேர்ந்தார். வாட்சைப் பார்த்தபடியே பேசுகிற ஆள். ஒரு வண்டிக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று சுவரில் அட்டவணை ஒட்டினார். கழுவுவதற்கே இருபது நிமிடம் போய்விடும். "கஸ்டமருக்கு வண்டிக்கு அடியில என்ன நடக்குதுன்னு தெரியுமா? சீட்டுல தூசி இருந்தா மட்டும்தான் தெரியும். பளபளன்னு அனுப்புங்க, போதும்" என்பார். நாளடைவில் பட்டறையில் பொட்டை முதலில் வைத்தார்கள், வேலையை அப்புறம் பார்த்தார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பொட்டோடு நின்றது.

முதல் தடவை அது ஒரு டாக்டரம்மாவின் வண்டி. பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை, மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டார். "காலையில அந்தம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க" என்றாள் அவள். சரி என்றார். சொல்லவில்லை. அடுத்த வருடம் அதே டாக்டரம்மா அதே வண்டியில் சிரித்துக்கொண்டே வந்து இறங்கி, "உங்க சர்வீஸ் பிரமாதம்" என்று கை குலுக்கினார். ஒன்றும் ஆகவில்லை! அந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான் மனிதரைக் கெடுத்தது. ஏதாவது ஆகியிருந்தால் அன்றைக்கே புத்தி வந்திருக்கும். இரண்டாவது வண்டிக்கு அரைமணி நேரம் உறுத்தியது. இருபதாவது வண்டிக்கு உறுத்தவே இல்லை. "ஒரு பைசா நான் தொட்டதில்லை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். உண்மைதான், தொட்டதில்லை. கையெழுத்து மட்டும்தான் போட்டார். பெரிய யோக்கியர்!

ஓய்வு பெற்ற அன்று கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. மூன்றே மாதத்தில் அது நின்றுவிட்டது. செல் மாற்றியும் ஓடவில்லை. மனைவி அதைக் கழற்றச் சொன்னாள், அவர் கழற்றவில்லை.

மாப்பிள்ளையோடு பேச்சு நடந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஹாரன் சத்தம். வெள்ளி நிறத்தில் ஒரு கார். ஓட்டி வந்தவள் மகள். பின்சீட்டில் பேத்தி பொம்மையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கத்தில் இறங்கிய மாப்பிள்ளையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"எப்படி மாமா? பதினாலாவது வண்டி!" என்று சர்வீஸ் புத்தகத்தை நீட்டினார். "புத்தகத்தைத் திறந்தேன். அஞ்சு பக்கத்துல உங்க கையெழுத்து. அதுக்கப்புறம் நான் எதையுமே பார்க்கல. நேத்தே பேர் மாத்தியாச்சு."

சீல் அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டி வித்த கடைக்காரரே சொன்னாருப்பா, வேணும்னா வெளியாளைக் கூட்டிட்டு வந்து செக் பண்ணிக்கோங்கன்னு" என்றாள் மகள். "இவர் கேட்டாத்தானே! எங்க மாமா கையெழுத்துப் போட்ட வண்டி, இதுக்கு மேல யாரு பார்க்கணும்னு சொல்லிட்டாரு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குப் புது வேலை. பக்கத்து ஊர் மருத்துவமனையின் பரிசோதனைக்கூடம். நாற்பது கிலோமீட்டர், முழுக்க லாரி ஓடுகிற பெருவழிச்சாலை. போகிற வழியில் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். அதற்காகத்தான் காரே.

"உள்ள போய் டீ குடிங்க. ஒரு பார்வை பார்த்துட்டு வரேன்" என்று அவர் பானெட்டைத் திறந்தார். பேத்தி மட்டும் இறங்க மாட்டேன் என்று பின்சீட்டிலேயே இருந்துவிட்டாள்.

புத்தகத்தின் நாலாவது பக்கம்: ஒரு லட்சம் கிலோமீட்டர். டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது. கீழே சீல், அவர் கையெழுத்து. மாற்றினோமா? யோசித்தார். ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. இந்த வண்டியின் நிறம்கூட ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்குப் பதினாலு வண்டி. எதில் செய்தார்கள், எதில் செய்யவில்லை என்று எந்தப் புண்ணியவானுக்குத் தெரியும்? ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தக் கையெழுத்தை நம்பலாம். நம்ப முடியாத ஒரே ஆள் அதைப் போட்டவர்.

மற்ற எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பெல்ட் அப்படி இல்லை. தேய்வது வெளியே தெரியாது. அறுந்தால் ஓடுகிற ஓட்டத்திலேயே எஞ்சின் நின்றுவிடும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்.

பெல்ட் மூடியின் மேல்புறத்தில் மூன்று போல்ட். மூன்றிலும் வெள்ளைப் பொட்டு, அழகாக, வட்டமாக. முதல் பொட்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். உள்ளே மஞ்சள் கோடு தெரிந்தது. போல்ட்டின் தலையிலிருந்து மூடி வரைக்கும் ஒரு விலகலும் இல்லாமல் நேராக ஓடியது. இரண்டாவதைச் சுரண்டினார். அதுவும் நேர்க்கோடு. மூன்றாவதும் அப்படியே. தொழிற்சாலையில் முடுக்கியதற்குப் பிறகு அந்த மூடியை யாருமே தொடவில்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து வந்து மூடியைக் கழற்றினார். பெல்ட் குறுக்கும் நெடுக்கும் வெடித்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. இத்தனை நாள் ஓடியதே ஆச்சரியம்தான்.

மாப்பிள்ளை டீ டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றார். "என்ன மாமா, பாஸா?"

"வண்டி நல்ல வண்டிதான். எதுக்கும் இந்த பெல்ட்டை மட்டும் மாத்திடலாம். ஒரு நாள் போதும், நானே மாத்தித் தர்றேன். நாளைக்கு மட்டும் அவ பஸ்ஸுல போகட்டும்."

"மாத்தி முப்பதாயிரம்கூட ஓடலையே? இன்னும் எழுபதாயிரம் வரும்னுல்ல போட்டிருக்கு?"

"சில சமயம் சரக்கு மட்டமா வந்துடும் மாப்ளே."

"கம்பெனி சரக்கா?" மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்தார். கடையில் தேதி அழிந்த மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோல் குனிந்து அந்த பெல்ட்டைப் பார்த்தார். "இது முப்பதாயிரம் ஓடின பெல்ட் மாதிரியா இருக்கு? யாரோ நல்லா காது குத்தியிருக்கான். விடக் கூடாது மாமா. நாளைக்கே கம்பெனிக்கு எழுதுறேன். அன்னிக்கு இந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல? பேரைச் சொல்லுங்க, போதும்."

வழி தானாகவே திறந்து நின்றது. ஒரு பேர் சொன்னால் போதும். அந்த வருடம் வேலை பார்த்தவர்களில் இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள், ஒருவர் செத்தே போய்விட்டார். செத்தவர் வந்து இல்லையென்று சொல்லவா போகிறார்? அந்தப் பேர் சீல் அண்ணனின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேவலம், வந்தது.

வாசற்படியில் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. "சொல்லிடுங்க" என்றாள். பதினொரு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே குரல்.

"மெக்கானிக் மேல தப்பில்லை மாப்ளே" என்றார் அவர். "இதை மாத்தவே இல்லை. பொட்டு வச்சிருந்தாங்க. நான் பார்க்காமயே கையெழுத்துப் போட்டேன். அங்க அப்படித்தான் நடக்கும், எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

அம்மாவின் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் படியிறங்கி வந்தாள். காரின் பின்கதவைத் திறந்து பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணு மட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

சீல் அண்ணன் மகளைப் பார்த்தார். அவள் மெல்லக் கேட்டாள். "அப்பா, என்னோட பழைய ஸ்கூட்டரை அஞ்சு வருஷம் நீங்கதானே பார்த்துக்கிட்டீங்க?"

"அய்யோ, அது நான் என் கையால செஞ்சதும்மா! ஒவ்வொரு நட்டும் கழற்றிப் பூட்டினது. உன் வண்டியில போய் நான் அப்படிச் செய்வேனா?"

"இந்த வண்டியையும் யாரோ ஒருத்தரோட பொண்ணு ஓட்டியிருப்பால்ல?"

பேத்தி அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கேட்டுக் கையை நீட்டினாள். மகள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"மாப்ளே, இன்னிக்கே பெல்ட் வாங்கிட்டு வந்துடறேன்" என்றார் அவசர அவசரமாக. "இந்த வேலையை என்னை மாதிரி செய்ய இந்த ஊர்ல ஆளில்லை. ராத்திரிக்குள்ள முடிச்சிடலாம். நீங்க நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வேலையை அவரைப் போலச் செய்ய நிஜமாகவே அந்த ஊரில் ஆளில்லை.

"வேண்டாம் மாமா. வேற பட்டறையில குடுத்துக்கிறேன். பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிறேன்." அவ்வளவுதான் சொன்னார். செல்போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

மத்தியானம் வண்டியை ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன் வந்தது. கூட வந்த மெக்கானிக் முப்பது வயதுக்காரர், சட்டை முழுக்கக் கிரீஸ், ரோட்டோரப் பட்டறை ஆள். திறந்து கிடந்த மூடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"என்ன சார் இது, தொழிற்சாலையில போட்ட பெல்ட்டு! இப்படியேவா ஓட்டிட்டு வந்தீங்க? நல்ல நேரம் சார் உங்களுக்கு." பிறகு சீட்டில் கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "மாத்தினதா சீல் வேற குத்தியிருக்கான் பாருங்க, படுபாவி. யாரு சார் இந்த ஆளு?"

சீல் அண்ணன் இரண்டடி தள்ளி ஸ்பேனரோடு நின்றிருந்தார். மாப்பிள்ளை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியலைங்க" என்றார். "கையெழுத்து சரியாப் புரியலை."