மக்கடாமியாவும் வாடகைக்கு வந்த நாயும்

பெங்களூரில் நாயோடு வாடகை வீடு தேடினால் நம்மைவிட நாய்க்குத்தான் விசாரணை அதிகம். கடிக்குமா, குரைக்குமா, மாடியில் அசிங்கம் பண்ணுமா, கறி தின்னுமா. பதினோரு வீடு பார்த்துவிட்டேன். பன்னிரண்டாவதாக ஈஜிபுராவில் ஒரு மாடி வீடு. சொந்தக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என் மரத்துக்கிட்ட குழி தோண்டாதில்ல?"

மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும், பேச்சில் கன்னடம் கலந்து வரும் தமிழர் அவர். மனைவி இறந்தபின் கீழ்வீட்டில் தனியாக இருந்தார். கேட்டை ஒட்டி, கார் நிறுத்த வேண்டிய இடத்தில், மக்கடாமியா என்ற வெளிநாட்டுக் கொட்டை மரம் ஒன்று நின்றது. ஏதோ மலர்க் கண்காட்சியில் கன்றாக வாங்கியதாம். ஏழு வருடம் தண்ணீர் ஊற்றி, நான் குடிபோன வருடம்தான் முதல் காய்ப்பு. கோலிக்குண்டு அளவில் பச்சையாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கூரியர்காரரைக்கூட நிறுத்தி வைத்து "இது என்ன மரம், சொல்லு பாக்கலாம்" என்பார். ஒருவர் மாங்காய் என்று சொல்லிவிட, இரண்டு நாள் அவர் முகமே சரியில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங் வேலை. எதிலாவது தப்பு கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. போனில் மக்கடாமியா என்று தட்டியதும் முதலில் வந்ததே நாய்தான். அந்தக் கொட்டையைத் தின்றால் நாய்க்குப் பின்னங்கால் துவண்டுவிடும், வாந்தி வரும், உடம்பு நடுங்கும் என்று போட்டிருந்தது. மேம்பாலத் தூணடியில் கண்கூடத் திறக்காத குட்டியாக எடுத்து, இங்க் ஃபில்லரில் பால் புகட்டி நான் வளர்த்த நாய் அவள். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே உயிர்.

அன்று சாயங்காலமே கீழே போய்ச் சொன்னேன். அவர் ஒரு கொட்டையை வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். முதல் அடியில் அது தெருவுக்கு ஓடியது. எடுத்து வந்து இன்னும் இரண்டு போட்ட பிறகுதான் ஓடு விட்டது.

"பாரு, எனக்கே மூணு அடி ஆகுது. உன் நாயி பல்லு என்ன இரும்பா? சும்னே பயப்படறியேம்மா."

"நெட்டுல தெளிவா போட்டிருக்கு அங்கிள்."

"போட்டவன் இதை ஒரு தடவை உடைச்சுப் பாத்திருக்கானா?"

ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே மரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டினார். நான் நாயை நடத்திப்போகும் முன்பே விழுந்த காய்களைக் கூடையில் பொறுக்கி வைத்தார். எனக்கு அதுவும் போதவில்லை. தினம் ஒரு கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடு போட்ட கைப்படம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. முன்னங்காலை ஊன்றுகிறாள், பின்பக்கம் சாக்கு மாதிரி இழுபடுகிறது. இரண்டு முறை வாந்தி. அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். கேட்டருகே அவர் கூடையோடு நின்றிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வாய் வந்ததோ.

"உங்க கொட்டைதான் உங்களுக்குப் பெருசு. தனியாவே இருந்து பழகினவங்களுக்கு இன்னொரு உயிரோட அருமை எங்க தெரியப்போகுது?"

எதிரே துணி தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். தோள் துண்டை எடுத்து சீட்டில் விரித்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

மரத்திலிருந்து விழுந்த கொட்டையைத் தின்றுவிட்டாள் என்று கால்நடை டாக்டரிடம் சொன்னேன். அவர் ட்ரிப்ஸ் ஏற்றினார். "ரெண்டு நாள்ல நடந்துடும், பயப்படாதீங்க" என்றவர், "ஓட்டை உடைச்சா தின்னுச்சு?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். பிழைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு. அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை.

நான்கு மணிக்குத் திரும்பினோம். மரம் இல்லை. தரையோடு அறுத்த கட்டை மட்டும் ஈரமாக இருந்தது. காயோடு கிளைகளை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஆயித்தும்மா, இனிமே பயமில்ல. நடக்குமா?"

"நடக்கும்னு சொன்னாங்க அங்கிள்."

மாடிக்குப் போய் அவளைப் படுக்க வைத்தேன். அவள் போர்வையை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கை விட்டேன். கந்தலாகக் கிழிந்த ஒரு பிஸ்கட் பாக்கெட் வந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் ஆபீஸில் தின்பண்டத்தை பேன்ட்ரி மேஜையில் வைத்துவிட்டு எல்லோருக்கும் மெயில் போடுவார்கள். முந்துகிறவர் கைக்குத்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நான் முந்தி, ஒரு முழுப் பாக்கெட்டைக் கைப்பையில் போட்டு வந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பையைக் கட்டில் மேல் திறந்து போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பாக்கெட்டில் பிஸ்கட் படத்துக்குக் கீழே அதே கொட்டையின் படம். ஓடு நீக்கி, வறுத்து, சர்க்கரை பூசியது. உலகத்திலுள்ள கட்டுரையெல்லாம் படித்த எனக்கு என் பையில் இருந்ததைப் படிக்க நேரமில்லை. வெட்கத்தில் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிவிடுவது என்று எழுந்தேன். பாதிப் படி இறங்கியதும் கீழே அவர் இஸ்திரிக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"தப்பு என்மேலதான். படிச்ச பொண்ணு, மொதல்லயே சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "தண்ணி குடிச்சுதாம்மா?"

"குடிச்சுது அங்கிள்" என்றேன். பாக்கெட்டைப் பற்றிச் சொல்லாமலே திரும்பி மாடி ஏறினேன்.

இரண்டு வருடம் ஆகிறது. அவள் நன்றாக ஓடுகிறாள். என்னைவிட அவரிடம்தான் ஒட்டுதல் அதிகம். நாயோடு யார் அந்தத் தெருவில் வந்தாலும் அவர் கேட்டருகே நிறுத்தி வைத்துச் சொல்கிறார்: "கொட்டை மரம் மட்டும் வெச்சுடாதீங்க. நான் வெச்சு, எங்க வீட்ல ஒரு உயிர் போகப் பாத்துச்சு. வேணும்னா இந்தப் பொண்ணைக் கேளுங்க."

அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.