எஸ்தர் டீச்சர் மாத்திரை கொடுத்த அறை

எஸ்தர் டீச்சர் இறந்ததை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் முகத்தைப் பார்த்தேன். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது. எனக்குச் சொல்லாததில் நியாயம் இருக்கிறது. அது என்ன நியாயம் என்று அவரை அறிந்தவர்களுக்குத் தெரியட்டும்.

ராஜபாளையத்தில் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியை. பின்பக்க அறையை என்னிடம் கேட்டு வாங்கி, ஊருக்குத் திறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பார். முதியோர் உதவித்தொகைக்கு டீச்சரே மனு எழுதுவார். காசநோய்க்காரர்களுக்குத் தினமும் மாத்திரை கொடுப்பதையும் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு ஏற்றுக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா எதுக்குப் போறன்னு கேப்பாக சார். பள்ளிக்கூடத்துக்குப் போனா ஒருத்தரும் கேக்க மாட்டாக" என்பார்.

மில் வேலைக்குப் போகும் மாரியம்மாள் அப்படித்தான் வந்தாள். மகனை மூன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு, அறைக்குள் போய் மாத்திரையை விழுங்குவாள். புருஷன் வீட்டுக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, கன்னத்தில் சதை வைத்தது.

யாரோ மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கத்தினார்: "பிள்ளைகளப் படிக்க விட்டமா, டீபி வார்டுல விட்டமா? யார் யாருன்னு பேரச் சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன். ஒழுங்கா மாத்திரை தின்னுறவகளப் பாத்துப் பயப்படாதீக. திங்காம ஒளிஞ்சு திரியிறவகளப் பாத்துப் பயப்படுங்க" என்றார் டீச்சர்.

அறையை மூடச் சொல்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றேன். மாரியம்மாளும் தூக்கினாள். தூக்காவிட்டால் பக்கத்தில் இருந்த மாமியார் திரும்பிப் பார்த்திருப்பாள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே அறையைப் பூட்டினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரைக்கு டீச்சர் ஏற்பாடு செய்தார். மாரியம்மாள் போகவில்லை. வீடு தேடிப் போனவரை அவள் வாசலிலேயே நிறுத்தினாள். "உங்கள யாரு டீச்சர் வரச் சொன்னா?" என்றாளாம். மறு வருடம் செத்துப்போனாள். காய்ச்சல் என்று சொல்லி எடுத்தார்கள்.

அந்தச் சாவு வீட்டிலிருந்து டீச்சர் நேராக என் அறைக்கு வந்தார். "அவளும் சேந்துதானே கையத் தூக்குனா" என்று சொன்னேன். அதைச் சொன்ன வாயை இன்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

"அவளுக்கு வேற வழியில்ல. உங்களுக்கு இருந்துச்சு, ஹெச்.எம்." என்றார். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார். நான் ஓய்வுபெற்றபின் ஒருமுறை கடைத்தெருவில் எதிரே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அந்த ரூமத் தெறந்தாச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப என்ன பேச?" என்று நடந்தார்.

அவர் என்னை மன்னித்தார் என்று எழுத முடிந்தால் இது நல்ல அஞ்சலியாக இருந்திருக்கும். மன்னிக்கவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கோபம் ஒன்றுதான்.