வயலினுக்கு அடியில் செல்வாம்பாள்

தவளக்குப்பம் சந்திப்பில் கடலூர் பஸ்காரன் அடிக்கும் ஹாரனையும் தாண்டி ஒரு குரல் கேட்குமானால் அது செல்வாம்பாளுடையதுதான். "கத்திரிக்கா, வெண்டக்கா, முருங்கக்கா" என்று அவள் ஒரு தடவை கூவினால், எதிர்சாரி மருந்துக்கடைக்கு வந்தவன்கூட மாத்திரையை மறந்துவிட்டுக் கத்திரிக்காய் வாங்கிப் போவான். ஊரில் அவளுக்குப் பெரிய வாய் என்று பெயர். பெரிய வாய்தான், ஆனால் பொய்க்குத் திறந்த வாய் அல்ல. ஓசியில் முருங்கைக்கட்டைத் தூக்கப் பார்த்த போலீஸ் ஏட்டு ஒருவர், அவள் போட்ட சத்தத்தில் கட்டைக் கீழே வைத்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் வண்டியையே நிறுத்துவதில்லை. அவளிடம் இன்னொரு கோளாறும் உண்டு. கோபம் வந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். சின்ன வயதிலிருந்தே அப்படி. தெரியாதவர்கள் அழுகிறாள் என்று நினைத்துப் பரிதாபப்பட்டு வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

அவள் புருஷன் கோவிந்தசாமி நேர் எதிர். தோளில் ஒரு பச்சைத் துண்டு, வாயில் எப்போதாவது ஒரு "உம்". நிலத்தில் காய் பறித்து மூட்டை கட்டி மொபெட்டில் கொண்டுவந்து இறக்குவான், பேச்சை அவளிடம் விட்டுவிடுவான். அவனுக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் போயின. ஒரு அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசம் என்றார்கள். பேரைச் சொல்லி அதற்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. வாரம் மூன்று தடவை தவறாமல் அவனை அங்கே கூட்டிப்போய், ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்றால், அதில் டீசல் இல்லை. பாதி ரத்தம் மெஷினில், பாதி ரத்தம் ஆளில். அந்த நர்ஸ் பெண் பாவம், பதறிப்போய் மெஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பிவிட்டாள். அது அவள் செய்த புண்ணியம். மேலே இருந்தவர்கள் செய்தது என்ன? "இன்னிக்கி இவ்ளோதாம்மா, நாளன்னிக்கி வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கோவிந்தசாமிக்கு அந்த 'நாளன்னிக்கி' வரவே இல்லை. உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சை அடைத்து, மூச்சுக்குத் தவித்தே செத்தான்.

அந்தப் பக்கத்துச் சாவு வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மேளம் எவ்வளவு உச்சத்தில் இருந்தாலும், ஒருவன் துண்டைத் தூக்கி "நிறுத்து!" என்றால் அந்த அடியோடு நின்றுவிட வேண்டும். அவன் பாட்டுப் பாடுவான், இல்லை செத்தவனுக்கு நடந்த அநியாயத்தைச் சொல்வான். சொல்லி முடித்துத் துண்டை இறக்கி "அடி" என்றால்தான் மறுபடி மேளம். குடிகாரன் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார்கள். செத்தவன் வீட்டில் பேச வந்தவனை அமுக்கி அடிக்கிற மேளக்காரன் அங்கே பிறக்கவில்லை. பொம்பளைகள் துண்டைத் தூக்குவதில்லை. செல்வாம்பாள் தூக்கினாள், கோவிந்தசாமியின் பச்சைத் துண்டையே. "டீசல் இல்லாத ஜெனரேட்டர வச்சி எம்புருஷன கொன்னுட்டானுவோ" என்று தெருவுக்கே சொன்னாள். தெரு கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரன் தெருவில் இல்லையே!

அதனால்தான் இளஞ்செழியன் என்பவர் கேமராவோடு கடைக்கு வந்தபோது அவள் ஒப்புக்கொண்டாள். ஏழைகளின் மருத்துவம் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாராம். அந்த அறக்கட்டளைதான் எடுக்கச் சொன்னதாம். "மனசுல இருக்கறத சொல்லுங்கம்மா. டிரஸ்ட்டு பெரியவங்க, அதிகாரிங்க எல்லாம் பாக்கப் போற படம்."

பக்கத்தில் வாழைப்பழ வண்டி போட்டிருக்கும் ராஜா அவள் காதோரம் வந்தான். அவனுக்கும் அதே நோய், அதே ஆஸ்பத்திரி. "யக்கா, நீ சொல்லு. நான் வாயத் தொறந்தா எனக்கு பெட்டு கெடைக்காது. அந்த ஜெனரேட்டரு இன்னும் அப்டியேதான் நிக்குது."

செத்தவனுக்காக மட்டும் என்றால் ஒருவேளை விட்டிருப்பாள். இது இருக்கிறவனுக்காக. ஒன்று விடாமல் சொன்னாள். கோபத்தில் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுக்காரன் கட்டிய உயரமான கூடத்தில் ஒரு சாயங்காலம் படத்தைப் போட்டார்கள். செல்வாம்பாள் ராஜாவைக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் வரிசையில் அறக்கட்டளைத் தலைவர், அவர் பக்கத்தில் இளஞ்செழியன். பின்னால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மேசையில் ஒரு பையன். அவன் பெயர் ஃப்ளோரான், படத்துக்கு இசை அவன்தான் என்று மேடையில் சொன்னார்கள். ரெட்டியார்பாளையத்தில் பிறந்து, பத்து வயதில் பிரான்சுக்குப் போனவனாம்.

படம் ஓடியது. மெஷின் சுற்றினால் வீணை. நர்ஸ் சிரித்தால் புல்லாங்குழல். ஊசி குத்துவதற்குக்கூட ஒரு தாளம் வைத்திருந்தார்கள். இவ்வளவு இசை இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒரு கேன் டீசல் இல்லாமல் போனது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அப்புறம் திரையில் செல்வாம்பாள் வந்தாள். 'ஒரு மனைவியின் கண்ணீர்' என்று எழுத்து வந்தது. அவள் வாயைத் திறந்தாள். வயலின் வந்தது. ஒரு வயலின் இல்லை, ஒரு கும்பலே வந்தது. அவள் கை நீட்டுகிறாள், வாய் அசைகிறது, கண்ணில் நீர் வழிகிறது. சொல் ஒன்றுகூட வெளியே வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். பாட்டுக்குள் மறைத்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். பஸ் ஹாரனால் முடியாததை அந்த வயலின் செய்துவிட்டது.

பக்கத்து நாற்காலி அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். "அழ வச்சிட்டீங்கம்மா."

"நான் எங்கம்மா அழுதேன்? திட்டிக்கினு இருக்கேன்!"

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. எழுந்தாள். மடியிலிருந்த பச்சைத் துண்டை உருவித் தலைக்கு மேல் தூக்கினாள்.

"மேளத்த நிறுத்து!"

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. ஃப்ளோரானுக்குப் புரிந்தது. ரெட்டியார்பாளையத்து மாடியில் நின்று, தெருவில் போகும் பிணங்களையெல்லாம் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன். துண்டு மேலே போனதும் அவன் கை தானாகப் போய்ச் சத்தத்தை அணைத்தது.

வயலின் செத்தது. திரையில் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"பாட்ட எடுத்துட்டு எம்பேச்ச வுடுப்பா."

"பர்தோன், மதாம், மன்னிச்சிக்குங்க," என்றான் அவன், எழுந்து நின்று. "முடியாது. உங்க பேச்சு இதுல இல்ல. எனக்குப் படம் மட்டும்தான் குடுத்தாங்க, குரல் இல்லாம. அழுவுறாங்க, சோகமா போடுன்னாங்க. நானும் அழுவுறீங்கன்னுதான் நெனச்சேன்."

செல்வாம்பாள் இளஞ்செழியனைப் பார்த்தாள். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் திரையைப் பார்த்தார். அடப்பாவிகளா, கழுத்தை அறுத்ததும் போதாதென்று, அறுபட்டவன் பெண்டாட்டியின் நாக்கையும் அறுத்துவிட்டு, அதற்குப் பின்னணி இசை வேறு!

"சவுண்ட போடுப்பா, படம் ஓடுது இல்ல?" என்றார் தலைவர்.

ஃப்ளோரான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "துண்டு இன்னும் எறங்கல, சார்."

செல்வாம்பாள் திரைப் பக்கம் திரும்பினாள். சாவு வீட்டில் சொன்னதும், கடையில் சொன்னதும், கேமராவில் சொன்னதும் ஒரே சொல்தான், அவளுக்கு ஒத்திகை வேண்டியதில்லை. திரையில் அசைந்த அவள் வாய்க்கு அவளே குரல் கொடுத்தாள், சந்தைக் குரல்.

"கரண்டு போச்சி. ஜெனரேட்டர்ல டீசல் இல்ல. பாதியில எழுப்பி வூட்டுக்கு அனுப்பிட்டீங்க. மூச்சுமுட்டி செத்தாரு எம்புருஷன். அதே ஜெனரேட்டரு இன்னும் அங்கதான் நிக்குது. அதே பெட்டுல இன்னும் ஆளுங்க படுத்துக்கினு இருக்காங்க. இன்னாய்யா பண்ணீங்க? படமா எடுக்கறீங்க, படம்?"

திரையில் அவள் போய்விட்டாள். பூங்கொத்தோடு சிரிக்கும் டாக்டர் வந்தார். அவள் நிறுத்தவில்லை, டாக்டர் சிரிப்பின் மேலேயே பேசினாள். நன்றிப் பட்டியல் ஏறியபோது அதன் மேலும் பேசினாள்.

தலைவர் எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "அம்மா துக்கத்துல பேசறாங்க. அது எப்பவோ நடந்த ஒரு சின்னத் தவறுங்க. எல்லாம் சரிபண்ணியாச்சு."

செல்வாம்பாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. ராஜா எழுந்து நின்றான். வீங்கிய கையால் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லீங்க. நேத்து நான் படுத்திருக்கும்போது கூட கரண்டு போச்சிங்க. அந்த நர்சு புள்ளதான் கையால சுத்துச்சி. இன்னும் டீசல் ஊத்தலீங்க."

கூடத்தில் இருந்தவர்கள் திரையை விட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கை உறிஞ்சிய அம்மாளும் பார்த்தார். "யாருப்பா நீ? எந்த நாள் பேஷண்ட்டு?" என்றார் தலைவர்.

"ராஜாங்க," என்றான் அவன். "நாளைக்கி எனக்கு முறைங்க."

செல்வாம்பாள் துண்டை இறக்கி அவன் தோளில் போட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்காமலே மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சொல்ல வேண்டியத சொல்லியாச்சி. இப்ப அடி தம்பி. எவ்ளோ வேணா அடி."

ஃப்ளோரான் மேசையைத் தொடவில்லை.