ஆறரை மணிக்கு ருசிக்கும் கோதுமைப் பாஸ்தா: மண்ணூர் முதல் ஒரகடம் வரை

2013 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்ணூரிலிருந்து புறப்பட்டேன். கையில் துணிப்பை. சட்டைப் பையில் என் மனைவி வசந்தா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. அதில் ஒரே வரிதான்: 'கோதுமை பாஸ்தா, மைதா இல்லாதது.'

நான் தையல்காரன். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, கம்பெனிப் பிள்ளைகளின் யூனிஃபார்ம் பேண்ட்டுகளுக்குக் கால் மடித்துக் கொடுக்கிறேன். பத்தாவது வரை படித்தேன். புது ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஏசி போட்ட கடைக்குள் அன்றுவரை போனதில்லை.

வசந்தா ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கோக்கும் கம்பெனியில் இரண்டாவது ஷிஃப்ட் பார்க்கிறாள். பகல் ஒன்றே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால், சாப்பாட்டு பிரேக் ஆறரைக்கு. கம்பெனியில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தபோது அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. கேன்டீன் சோற்றை விட்டுவிட்டாள். நான் சப்பாத்தி போட்டுக் கொடுத்தேன். ஆறரைக்குள் அது செருப்புத் தோலாகிவிடும். நாலில் மூன்று வீட்டுக்குத் திரும்பி வரும். புறப்பட்ட வாரத்துக்கு முந்தைய வாரம் லைனிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். லைன் லீடர் பெண் நல்லவள்தான், ஆனாலும் சொல்லிவிட்டாள்: "யக்கா, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சின்னா ஒன்ன லைன்ல நிக்க வுட மாட்டாங்க, பாத்துக்கோ."

ஒன்பது வருடமாக நிற்கிற லைன். வசந்தா அதை விடமாட்டாள். சாப்பிடவும் மாட்டாள். அவள் ஆசையாகப் பேசிய ஒரே சாப்பாடு, ஆயுத பூஜையன்று கம்பெனியில் காகிதத் தட்டில் கொடுத்த பாஸ்தா. "அது மாரி இருந்தா துன்னுவேன்யா" என்றாள். முழுக் கோதுமையில் செய்தது என்றால் அளவோடு சாப்பிடலாம் என்று கம்பெனி டாக்டர் சொல்லியிருந்தார்.

பத்தரை மணி. ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர், பத்து ரூபாய். அங்கே பஸ் நிலையத்தையொட்டிய இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் சேமியா எடுத்துக் காட்டினார். இன்னொருவர், "அதெல்லாம் ஒரகடம் போனாதான் கெடைக்கும், வெளிநாட்டுக்காரன்லாம் அங்கதான் வாங்கறான்" என்றார். சிங்கப்பெருமாள் கோவில் பஸ் ஏறினேன். இன்னும் பதிமூன்று கிலோமீட்டர். வழியெல்லாம் புதுக் கார்களை அடுக்கிய நீளமான லாரிகள். ஒரு லாரியை பஸ் தாண்டி முடிப்பதற்குள் அதில் இருந்த கார்களை எண்ணிவிட்டேன், எட்டு.

பதினொன்றே முக்கால். ஒரகடம் கடையில் பாஸ்தாவுக்கென்றே ஒரு முழு அடுக்கு. ஒரு பாக்கெட்டில் கோதுமைக் கதிர் படம் பெரிதாக இருந்தது. அதை எடுத்தேன். பின்னால் ஒரு குரல்.

"என்ன அண்ணாச்சி, அரை மணி நேரமா அந்த ராக்கையே பாத்துட்டு நிக்கிய. யாருக்கு வாங்குதிய?"

கடையில் வேலை பார்க்கும் பெண். ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்று பிறகு சொன்னாள். நான் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு என் கையிலிருந்த பாக்கெட்டைத் திருப்பினாள்.

"முன்னாடி படத்த பாக்காதிய. பின்னாடி எழுத்த பாருங்க. மொதல்ல எது போட்டுருக்கோ அதுதான் ஜாஸ்தி. இதுல மொதல்ல மைதாதான். கதிரு சும்மா அழகுக்கு."

"கலர் கறுப்பா இருந்தா கோதுமையாம்மா?"

"கலருக்கு மாவுல எதையாவது சேத்துருவாவ. எழுத்துதான் கணக்கு."

எழுத்துக் கூட்டிப் படித்து, முழுக் கோதுமை என்று முதலில் போட்டிருந்த மூன்றைப் பொறுக்கினேன். வெளிநாட்டிலிருந்து வந்தது, இருநூற்றுப் பத்து ரூபாய். நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் திருகு திருகானது, தொண்ணூற்றைந்து. மூன்றாவது, பேர் தெரியாத ஒரு சின்ன மில்லின் பாக்கெட், அறுபது ரூபாய். வரிவரியாகக் கோடு விழுந்த குட்டைக் குழாய்கள். மோந்தால் தவிட்டு வாசம்.

"சோறு மாதிரி கொழைய விட்டுறாதிய. கடிச்சா நடுவுல லேசா வெள்ளப் புள்ளி தெரியணும், அப்பமே வடிச்சிறணும். எங்க ரூம்ல ஆறு பேரு, மொத நாள் களிதான் தின்னோம்" என்று சிரித்தாள்.

ஒன்றரை மணிக்கு வீட்டில் மூன்றையும் தனித்தனியாக வேகவைத்தேன். குழம்பிவிடாதபடி கிண்ணங்களில் நூல் கட்டினேன்: வெளிநாட்டுக்குச் சிவப்பு, திருகுக்கு நீலம், குட்டைக் குழாய்க்கு மஞ்சள். மூன்றுக்கும் ஒரே மசாலா, பூண்டு, தக்காளி, குடைமிளகாய், மிளகு. சுடச்சுட நானும் வசந்தாவும் தின்றோம். சிவப்பு வழுவழுவென்று இறங்கியது. நீலம் பரவாயில்லை. மஞ்சளை வாயில் போட்டதும் வசந்தா முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாய்யா இது, மாட்டுக்கு வாங்கினு வந்தியா?"

திங்கட்கிழமை சிவப்பைக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை டப்பாவைக் கழுவ எடுத்தபோது முக்கால்வாசி அப்படியே இருந்தது. கவிழ்த்துத் தட்டினேன், டப்பா வடிவத்திலேயே ஒரே கட்டியாக விழுந்தது.

"நல்லாதான் இருந்திச்சி. பசி இல்ல, அவ்ளோதான்" என்றாள் வசந்தா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நான் செய்த தப்பு அப்போதுதான் உறைத்தது. அடுப்படியில் நின்று தின்றுபார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அவள் அடுப்படியில் சாப்பிடுவதில்லை. பஸ்ஸில் இன்ஜின் சூட்டில் குலுங்கி, லாக்கரில் மூடிக் கிடந்து, ஐந்து மணி நேரம் கழித்துத்தான் அந்த டப்பா திறக்கும். வீட்டிலேயே ஆறரை வரை மூடி வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் வீட்டில் இருக்கும் டப்பா குலுங்காது.

புதன்கிழமை. வசந்தாவுக்கு வழக்கமான சப்பாத்தி. அவள் போன பின் மூன்று டப்பாக்களை மூடி நூல் கட்டி, மதியம் இரண்டு ஐந்துக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். இன்ஜின் சூடு படுகிற இடமாகப் பார்த்து, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னா சார், மூணு டப்பா? ஆஸ்பத்திரிக்கா?"

"இல்லப்பா. சும்மா."

"சும்மாவா? கலர் கலரா நூலு கட்டினு கீற. எதுனா வேண்டுதலா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சுங்குவார்சத்திரம் போகிற பையன்கள் இரண்டு பேர், ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை டப்பாக்களையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மூன்றரைக்கு ஒரகடம். அங்கிருந்து கம்பெனி வாசலுக்கு ஒரு கிலோமீட்டர் நடை. மரம் கிடையாது. சிமென்ட் சுவர் ஓரமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தினமும் வசந்தா பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற சாலையை, கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் நான் பார்த்தேன்.

எதிரே தகர ஷெட் போட்ட டீக்கடை. கடைக்கார அம்மாவுக்கு அறுபது இருக்கும். இரண்டு டீ குடித்தும் நான் எழுந்து போகாததைப் பார்த்துவிட்டு, "யாருக்குப்பா வெயிட் பண்ற?" என்றார்.

"ஆறரைக்காகம்மா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். புது ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கேட்டுவிட்டு, டப்பாக்களை பாய்லர் பக்கத்தில் இருந்த பெஞ்சில் அவரே எடுத்து வைத்தார். "லாக்கர்ல இத்தவிட ஜாஸ்தி வேகும்" என்றார்.

ஆறரைக்கு உள்ளே மணி அடித்தது. சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது. இப்போது வசந்தா கையைக் கழுவிக்கொண்டிருப்பாள், டப்பாவைத் திறந்து சப்பாத்தியைப் பிய்க்கப் பார்ப்பாள் என்று நினைத்தேன். சிவப்பு நூலை அவிழ்த்தேன். கரண்டியை நட்டால் நின்றது. நீலம் உடைந்து மசியலாகிக் கிடந்தது, தக்காளி புளிப்பு மட்டும் தூக்கலாக இருந்தது.

மஞ்சளைத் திறந்தேன். குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. குலுக்கினால் தனித்தனியாக ஓடின. கோடு கோடான பள்ளங்களில் மசாலா இறங்கியிருந்தது. வாயில் போட்டால், ஞாயிற்றுக்கிழமை முரடாக இருந்தது இப்போது பதமாகக் கடிபட்டது. தவிட்டு வாசம் பூண்டோடு சேர்ந்து, வறுத்த கோதுமை போல இருந்தது. அவசரப்பட்டு மாட்டுத் தீனி என்று ஒதுக்கியது இதைத்தான்.

"நீங்களும் பாருங்கம்மா."

கடைக்கார அம்மா உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு தடவை கையை நீட்டினார்.

"இன்னாது இது? நூடுல்ஸா?"

"கோதுமைப் பாஸ்தாம்மா."

"உப்பு ஒறப்பு உள்ள வரைக்கும் போயிருக்குது. அந்த ரெண்டையும் நாய்க்குப் போடு. இத்த கட்டிக் குடு ஒம் பொண்டாட்டிக்கு."

திரும்பும் வழியில் ஒரகடம் கடைக்குப் போய், அந்தக் கோவில்பட்டிப் பெண்ணிடம் மஞ்சள் நூல் பாக்கெட்டில் மூன்று வாங்கினேன். "வெளிநாட்டுது வேண்டாமா அண்ணாச்சி?" என்றாள். "அது வீட்ல இருக்கறவங்களுக்கும்மா" என்றேன். ஏழரைக்கு பஸ் ஏறினேன். எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாகக் காலியாக வந்துகொண்டிருந்தன, பகல் ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்ற.

வியாழக்கிழமை மஞ்சளை, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும் பதத்திலேயே வடித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் புரட்டி, ஆறவிட்டு மூடிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அளவுதான். "மாட்டுத் தீனியா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். ஆறு ஐம்பதுக்கு என் போன் அடித்தது. ஷிஃப்ட்டில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒன்பது வருடத்தில் பிரேக்கில் அவள் பேசியதே இல்லை. தலை சுற்றல்தானோ என்று பதறி எடுத்தேன்.

"யோவ், இன்னா போட்ட இதுல? பக்கத்துல ஒக்காந்துகினு எல்லாம் ஸ்பூன வுடுதுங்க. எனக்கே பத்தல."

"நீ துன்னியா?"

"துன்னேன்யா. டப்பா காலி. பெல் அட்ச்சிடும், வெச்சிடறேன்."

மண்ணூருக்கும் ஒரகடத்துக்கும் இருபத்து மூன்று கிலோமீட்டர். பஸ் செலவு போக வர நாற்பது ரூபாய்க்குள். ஆனால் என் வீட்டு அடுப்படிக்கும் அவள் சாப்பிடும் மேசைக்கும் நடுவே ஐந்து மணி நேரம் இருக்கிறது. அதை நான் அதுவரை நடந்து பார்க்கவில்லை. வசந்தா இன்னும் அதே லைனில்தான் நிற்கிறாள்.

இப்போதெல்லாம் ஒரு மணிக்கு இரண்டு டப்பா கட்டுகிறேன். ஒன்று அவளோடு பஸ்ஸில் போகிறது. இன்னொன்று தையல் மெஷின் பக்கத்தில் மூடியே கிடக்கிறது. ஆறரைக்கு மெஷினை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அதைத் திறக்கிறேன்.