உம்மாவின் தரை, தியாகராஜாவின் முகடு

தியாகராஜாவின் வாழ்க்கையை ஊர் ஊராகச் சொல்வதைவிட வீடு வீடாகச் சொல்வது சுலபம். அவற்றில் ஒன்றும் அவருடைய வீடல்ல. எழுபத்தேழுக் கலவரத்தில் அநுராதபுரத்தில் அவர் இருந்த அறையை, உள்ளே கிடந்த வேட்டிகளோடும் வானொலிப் பெட்டியோடும் சேர்த்துக் கொளுத்தினார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்காரி, "உங்களைத் தேடி வந்தால் என்ர கண்ணாடி ஜன்னலை எல்லாம் உடைச்சுப்போடுவாங்களே" என்று உண்மையாகவே கண் கலங்கி, ஒரு இறாத்தல் பாண் ரொட்டியைக் கையில் தந்து அனுப்பிவைத்தாள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்தவர் அவர். வளர்ந்த பிறகு பார்த்தால், இந்த நாட்டில் வீட்டைக் கொளுத்த ஒரு மூட்டைப்பூச்சிகூடத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு கண்டிக்கு மாற்றலாகி வந்தார். கண்டி வீட்டுக்காரர்கள் பண்பானவர்கள். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. வடக்கில் பெரிய சண்டை ஒன்று நடந்து பத்திரிகையில் படம் வந்ததும், அவர்களுடைய மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிடும். "மாப்பிள்ளை பகுதி வந்து தங்க இடம் வேணும், மிஸ்டர் தியாகராஜா." பேராதனை வீதியில் ஒரு வீட்டுக்காரருக்குப் பிள்ளைகளே இல்லை. அவருடைய மகளுக்கும் கலியாணம் நடந்தது.

இப்படி மாறி மாறிப் போனதில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: முறைப்பாடு செய்யாதே. குழாய் ஒழுகினால் வாளி வை. கூரை ஒழுகினால் கட்டிலை நகர்த்து. முறைப்பாடு செய்கிற குடியிருப்பாளனின் முகத்தை வீட்டுக்காரர் ஞாபகம் வைத்துக்கொள்வார். கலியாணம் பேசும்போது அந்த முகம்தான் முதலில் நினைவுக்கு வரும்.

இதில் ஒரு வேடிக்கை. அவருடைய உத்தியோகமே முறைப்பாடுதான். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரின் சுகாதாரப் பகுதியில் அவர் கிளாக்கர். எலி, கரப்பான், நாறும் சாக்கடைக் கான், சந்து ஒழுங்கையில் வீசிய குப்பை என்று சனம் எழுதிப் போடுவதையெல்லாம் பிரித்துப் படித்து, இதற்குப் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரரா குடியிருப்பவரா என்று பதில் தயாரிப்பவர். சுவரிலோ தரையிலோ ஓட்டை இருந்து எலி வந்தால் சொந்தக்காரர். குப்பையைக் கண்டபடி போட்டு எலி வந்தால் குடியிருப்பவர். இந்த வாசகத்தை அவர் தூக்கத்திலும் பிழையில்லாமல் தட்டச்சு செய்வார்.

தொண்ணூற்றெட்டில் கண்டியில் குண்டு வெடித்தது. அவர் அப்போது குடியிருந்த வீட்டில் வழமைபோல ஒரு கலியாணம் வந்தது. தியாகராஜாவும் மனைவி மங்களேஸ்வரியும் நகரமெல்லாம் வீடு தேடினார்கள். பெயரைக் கேட்டதும் வீடுகள் நிரம்பின. கடைசியில் கட்டுக்கலைக்கு மேலே, மலைச்சரிவில் இரண்டு தட்டாக நின்ற ஒரு பழைய வீட்டின் கதவைத் தட்டினார்கள். மேல் தட்டில் இருந்தவர் ஆஸியா உம்மா. அலவத்துகொடயில் பிறந்து, கண்டிப் புடவைக் கடைக்காரரைக் கட்டி, அவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியே இருந்த மனுஷி.

"பேர் என்ன மகன்?"

"தியாகராஜா, உம்மா."

"நீட்டுப் பேரா ஈக்கே. சின்னதா ஒண்டும் இல்லயா?"

"தியாகு எண்டும் சொல்லுவினம்."

"வாணாம், நீட்டாவே ஈக்கட்டும். தமிழாக்கள் வாடகைக்கு வந்தா பொலிஸ்ல பதியிறதுதானே." உம்மா மங்களேஸ்வரியை மேலும் கீழும் பார்த்தார். "எங்கயும் வீடு குடுக்கல்லயா?"

"இல்லை, உம்மா."

"அப்ப நீங்க உட்டுட்டுப் பெய்த்துடவும் மாட்டீங்க. நல்லது. கேட்டுக்கோங்க, வீடு என்ட, குப்பை ஒங்கட."

அதுதான் ஒப்பந்தம். அன்றைக்கு அது நல்ல ஒப்பந்தமாகவே தெரிந்தது.

ஆனால் குண்டு வெடித்த நகரத்தில் குப்பை சாதாரண விஷயமல்ல. தொட்டிக்குள் குண்டு வைப்பார்கள் என்று வீதித் தொட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒழுங்கை முனையில் பொலிஸ் காவல் தடை போட்டதால் குப்பை லொறி மேலே ஏறுவதில்லை. ஒரு தமிழன் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்கினால் அது குப்பையல்ல, 'சந்தேகத்துக்கிடமான பொதி'. எனவே மங்களேஸ்வரி கறித் தோலையும் தேயிலைத் தூளையும் பின்னாலிருந்த வாழையடியில் புதைத்து வந்தாள். அதே வாழையடிக்கு மேலேயிருந்து உம்மாவின் ஜன்னல் வழியாக மீன் தலைகள் இறங்கின. ஒப்பந்தப்படி, நிலத்தைத் தொட்டதும் அவை கீழ் வீட்டுக் குப்பையாகின.

மழை தொடங்கியதும் எலி வந்தது.

அது குடியேறிய இடம்தான் விசேஷம். உம்மாவின் வீட்டுக்குப் பலகைத் தரை. கீழே தியாகராஜாவின் வீட்டுக்குப் பலகை முகடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. எலிகள் அதற்குள் குடும்பமும் குடித்தனமுமாக இருந்தன. இடம் உம்மாவின் தரையா, தியாகராஜாவின் முகடா? அந்த நாளில் செய்தி வாசிக்கிறவர்கள் சொல்வதுபோலச் சொன்னால், அது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத பிரதேசம்.

"ஊருக்கெல்லாம் கடிதம் அடிக்கிறியள், எலிக்குப் பொறுப்பு ஆரெண்டு," என்றாள் மங்களேஸ்வரி. "இஞ்ச விளக்குத் திரியைச் சாமிக்கு முன்னாலயே எலி இழுத்துக்கொண்டு போகுது."

"சும்மா இரும். வீடு கிடைச்சதே பெரிய காரியம்."

"எலி வளையானாலும் தனி வளை வேணுமெண்டு சும்மாவோ சொன்னவை? அதுகள் தனி வளையில இருக்குதுகள். நாங்கள்தான் வாடகைக்கு."

அவர் ஒருநாள் துணிந்து படியேறினார். மழையைப் பற்றிப் பேசினார். மரக்கறி விலையைப் பற்றிப் பேசினார். உம்மாவே விஷயத்தைத் தொட்டார்.

"என்ன கிளாக்கர், ஒங்கட குசினில சோறு மிச்சம் போல. எலி ஓடுற சத்தம் எனக்குத் தொழ ஏலாம ஈக்கி."

"ஓம், உம்மா," என்றார் தியாகராஜா.

கீழே வந்தவரை மங்களேஸ்வரி பார்த்த பார்வையில் அவர் இரவுச் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் எலிப் பாஷாணம் வாங்கி, தேங்காய்ச் சொட்டுத் துண்டில் தடவி, முகட்டுப் பலகை ஒன்றை விலக்கி உள்ளே தள்ளினாள். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எலி எங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே கிழமை உம்மாவும் தரைப் பலகை ஒன்றை நெம்பி, கருவாட்டில் பாஷாணம் தடவி உள்ளே வைத்தார். அவரும் சொல்லவில்லை. காரணம் அதுவேதான்.

இரண்டு வீட்டு விருந்தையும் ஒன்றாகச் சாப்பிட்ட எலிகள் அந்த இடைவெளியிலேயே கிடந்து செத்தன.

நாற்றம் எடுத்தது. மேலே உம்மா ஊதுபத்தி கொளுத்தினார். கீழே மங்களேஸ்வரி சாம்பிராணி போட்டாள். படியில் சந்தித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுகம் விசாரித்தார்கள். நாற்றத்தைப் பற்றி முதலில் வாய் திறப்பவருக்கே எலி சொந்தம் என்று இருவருக்கும் தெரியும்.

வாய் திறந்தது ஒழுங்கை முனைக் காவலில் நின்ற பொலிஸ்காரன். வடக்கிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் வீடு. உள்ளே ஏதோ அழுகுகிறது. பகலிலும் புகை எழும்புகிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு சார்ஜன், துவக்கோடு இரண்டு பேர், மூக்கில் லேஞ்சித் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"மொக்கத மே கந்த?" என்றார் சார்ஜன். என்ன இந்த நாற்றம் என்பது அவர் கேள்வி.

தியாகராஜாவுக்குச் சிங்களம் நன்றாகவே வரும், பொலிஸைக் காணாதவரை. வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. அவர் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: இந்த வீடும் போகப்போகிறது. இதற்குப் பிறகு தட்ட வேறு கதவில்லை.

மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா வாளியும் கையுமாகப் படியிறங்கி வந்தார். பொலிஸைக் கண்டதும் அவருக்கும் பதற்றம். பதற்றத்தில் முந்திக்கொண்டு, பிடித்திருந்த மூச்சையெல்லாம் விட்டார்.

"நான் அண்டைக்கே நெனச்சேன்! சோத்தக் கொட்டி, குப்பையக் கொட்டி, எல்லாம் இவங்கதான்!"

"நாங்களோ?" மங்களேஸ்வரி விடவில்லை. "மேலயிருந்து மீன் தலையைக் கொட்டினது ஆர்? பாஷாணத்தைக் கொட்டி வைச்சது ஆர்? பலகை நெம்பின சத்தம் எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சியளோ? கொட்டி, கொட்டி…"

அப்போது உம்மா ஒன்றைக் கண்டார். தமிழ் தெரியாத சார்ஜனின் முகம் மாறியிருந்தது. பின்னால் நின்றவனின் துவக்கு தோளிலிருந்து கைக்கு வந்திருந்தது.

"கொட்டி?" என்றார் சார்ஜன் மெதுவாக. "கோ கொட்டி?"

கோ என்றால் எங்கே. தமிழில் கொட்டி என்றால் கொட்டியதுதான். சிங்களத்தில் கொட்டி என்றால் புலி. அதுவும் காட்டிலிருக்கும் புலியல்ல. ஒரு முஸ்லிம் கிழவியும் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒருவரையொருவர் கைகாட்டி, புலி, புலி என்று பொலிஸுக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தியாகராஜாவின் கைகள் யாரும் கேட்காமலே மேலே எழும்பியிருந்தன.

"யா அல்லாஹ்!" என்றார் உம்மா. பிறகு சிங்களத்தில், சந்தையில் பேரம் பேசும் தொண்டையில், "மீயோ, சார்ஜன் மாத்தயா! மீயோ! எலி! செத்த எலி!" என்று கத்தினார்.

"நீ கொட்டி என்றாயே?"

விளக்க வார்த்தை கிடைக்காமல் உம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். கையில் வாளி இருந்தது. அதைத் தலைகீழாகப் பிடித்து, மீன் தலை, செதில், குடல், கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் சார்ஜனின் பளபளத்த சப்பாத்துக்கு முன்னால் சரித்தார்.

"மேக்க தமய் அபே கொட்டி!" இதுதான் எங்களுடைய கொட்டி.

சார்ஜன் பின்னால் துள்ளினார். சப்பாத்தின் மேல் ஒரு சூரை மீனின் கண் கிடந்து அவரை அண்ணாந்து பார்த்தது. துவக்கு வைத்திருந்தவன் முதலில் சிரித்தான். பிறகு, மேலதிகாரி சிரிக்கிறாரா என்று பார்த்து, நிறுத்தினான். சார்ஜன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். எனவே எல்லோரும் சிரித்தார்கள். கைகளை மேலே தூக்கியபடியே தியாகராஜாவும் சிரித்தார்.

முகட்டுப் பலகையைக் கழற்றினார்கள். சாட்சி முழுவதும் உள்ளே கிடந்தது, கருவாடும் தேங்காய்ச் சொட்டுமாக.

"யாருடைய எலி இது?" என்று சார்ஜன் லேஞ்சிக்குள்ளிருந்து கேட்டார்.

இத்தனை நாளும் அனாதையாகக் கிடந்த எலிகளுக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு சொந்தக்காரர் முளைத்தார்கள்.

"என்னுடையது," என்றார் உம்மா. "என் தரைக்குக் கீழே கிடக்கிறது."

"இல்லை ஐயா, என்னுடையது," என்றார் தியாகராஜா. குரல் திரும்பி வந்திருந்தது. "என் முகட்டுக்கு மேலே கிடக்கிறது."

சார்ஜன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு எங்கே வேலை?"

தியாகராஜா சொன்னார்.

"அப்படியென்றால் சட்டம் தெரியுமே. யார் பொறுப்பு?"

சட்டம் அவருக்கு நன்றாகத் தெரியும். பலகையில் ஓட்டை, ஆகவே சொந்தக்காரர். மங்களேஸ்வரி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொலிஸ்காரர் அவரிடம் முறைப்பாடு கேட்கிறார்.

"இரண்டு பேரும், ஐயா," என்றார் அவர்.

"பொழுதுபடுவதற்குள் எடுத்துவிடுங்கள்," என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துச் சார்ஜன் போனார்.

எலிகளைக் கறுப்புப் பையில் கட்டினார்கள். அதை வீதிக்குக் கொண்டுபோவது யார்? தியாகராஜா கையை நீட்டினார். உம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். "நீங்க இதத் தூக்கிட்டுப் போனா, எலியோட சேத்து ஒங்களையும் அந்தக் காவல்காரன் புதைச்சுப்போடுவான்." முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா பையோடு முன்னே நடந்தார். தியாகராஜா குடை பிடித்துக்கொண்டு பின்னே போனார். காவலில் நின்றவன் பையை அவிழ்க்கச் சொன்னான். அவிழ்த்ததும் மூடச் சொன்னான்.

அன்றிரவு தியாகராஜா தூங்கவில்லை. பொலிஸ் வந்துபோன வீடு. எந்த வீட்டுக்காரர் வைத்திருப்பார்? விடிந்ததும் அலுமாரியிலிருந்த உடுப்புகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். மங்களேஸ்வரி தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

படியில் உம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"கிளாக்கர், ஒரு விசயம் சொல்லணும்."

அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாமென்று தியாகராஜாவே தொடங்கினார். "விளங்குது, உம்மா. மகளுக்குக் கலியாணமாக்கும்."

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஏது மகள்?"

"இல்லை, உம்மா… வழமையா…"

"ராவைக்குத் தூங்கல்லயா? அந்தப் பெட்டிய மூடுங்க மொதல்ல. நான் சொல்ல வந்தது வேற. இனி இந்த ஊட்டுல யாரும் அந்தச் சொல்லச் சொல்லப்படாது. மேலயும்தான், கீழயும்தான்."

"எந்தச் சொல், உம்மா?" என்று கேட்டாள் மங்களேஸ்வரி, தெரிந்துகொண்டே.

"வாயக் கிளறாத புள்ள."

அன்றிலிருந்து அந்த வீட்டில் குப்பையை 'வீசினார்கள்'. தேத்தண்ணீரை 'ஊற்றினார்கள்'. சீனி 'சிந்தியது'. மழைகூட அங்கே கொட்டவில்லை, பெய்தது. மீன் தலைகள் வாழையடிக்கு வருவதும் நின்றது.

சட்டங்கள் எப்போதும் மனிதருக்குத்தான், எலிக்கல்ல. அடுத்த மழைக்கு முகட்டில் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. தியாகராஜா அண்ணாந்து பார்த்தார். பிறகு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படியேறிப் போய், மழையைப் பற்றியோ மரக்கறி விலையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாமல் சொன்னார்:

"உம்மா, ஒரு முறைப்பாடு. எலி வந்திட்டுது. உங்கட பலகையில ஓட்டை."

"என்ட பலகையா?" உம்மா இடுப்பில் கைவைத்தார். "ஒங்கட குசினில என்ன நடக்குதுண்டு எனக்குத் தெரியாதா? சோத்தக் கொ…"

வாயைப் பொத்திக்கொண்டார். கீழே மங்களேஸ்வரி சிரிக்கும் சத்தம் பலகை ஓட்டை வழியாக மேலே வந்தது.

"பலகைக்கு ஆசாரியக் கூட்டிட்டு வாங்க," என்றார் உம்மா.