எட்டுக் கணினிகளும் என் அக்கா மகளும்

அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். தோலில் இருக்கும் தழும்பு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். எங்கள் சொந்தத்தில் இப்படிப் பார்வை போனவர்கள் ஐந்து பேர். வேலூரில் நான் கணினி பார்க்கும் ஆய்வுக்கூடத்தில், இந்தக் கோளாறு எந்த மரபணுத் துண்டோடு சேர்ந்து இறங்குகிறது என்று தேட எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அண்ணன் மகனுக்குப் பேசி வைத்திருந்த அக்கா மகளும் கொடுத்தாள். அண்ணன் மகனிடம் அப்பன் வழியில் அந்தத் துண்டு நிச்சயம் இருக்கும். இரண்டு பக்கமும் வந்தால்தான் கோளாறு; அவளிடமும் இருந்தால் பிறக்கிற பிள்ளைக்குக் கண் போகலாம்.

வம்சப் படத்தை வரைந்தது நான்தான். அப்பா கட்டியது தன் அக்கா மகளை. அதனால் அம்மா என் தாத்தாவுக்கு மருமகளும்தான், பேத்தியும்தான். உறவு இப்படிச் சுற்றி வந்தால் கணக்கு பெருகி, ஒரு கணினியில் இரண்டு மாதம் இழுக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று அம்மாவை அசல், சொந்தமில்லாதவள் என்று போட்டேன். பொய் எதற்கு, துண்டு அகப்பட்டுவிடுமோ என்ற பயத்திலும்தான் போட்டேன். உறவு அறுந்த அந்தக் கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. அன்று வெட்கமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சொந்தத்துலயே கட்டியிருக்காங்க. இவங்க மட்டும் எப்படி அசல்?" என்று கேட்டார். திருத்தினேன். இரண்டு மாதம் ஓடட்டும் என்று உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனம் இருந்தது. அவரோ கணக்கைப் பங்கு போட்டு அங்கிருந்த எட்டுக் கணினியிலும் ஒரே சமயத்தில் ஓடவிடச் சொன்னார். பங்கு போட்டதும் நானே. ஒரு வாரத்தில் ஒவ்வொன்றாக முடித்தன. எட்டாவது நின்றதும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். துண்டு அகப்பட்டது. அக்கா மகளிடமும் அது இருந்தது.

சற்று நேரத்தில் அக்காவே போன் செய்து, கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"மெஷின் இன்னும் ஓடிட்டிருக்குக்கா."

"அப்போ அது பாட்டுக்கு ஓடட்டும். நாங்க கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துடறோம்."



"குடுக்காதக்கா. கணக்கு முடிஞ்சிடுச்சு. நான் வர்றேன்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசு. பொண்ணு பக்கத்துலதான் நிக்கிறா."