கேட்டதுக்கு மட்டும் பதில்

அரசு வக்கீல்களில் கொலை வழக்கு நடத்துபவருக்கு ஒரு மிடுக்கு உண்டு. வரி வழக்கு நடத்துபவருக்கு ஒரு கார் உண்டு. நம்முடைய வக்கீலுக்கு வாய்த்தவை விசாரணைக் கமிஷன்கள். பாலம் இடிந்தாலோ படகு கவிழ்ந்தாலோ அரசாங்கம் முதலில் ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கும். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கும். அப்புறம் இவருக்கு போன் வரும். சாட்சிகளைக் கேள்வி கேட்பதுதான் இவர் வேலை. தப்பு யார்மேல் என்று சொல்வது நீதிபதியின் பாடு. இப்படி எந்தப் பக்கமும் சாயாமல், எதிலும் தன் கருத்தைச் சொல்லாமல், வேலைக்காலம் முழுவதையும் ஓட்டியவர் அவர்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒருமுறை நன்றாகச் சூடு பட்டார். இடிந்த பாலம் ஒன்றின் விசாரணை. கூண்டில் நின்ற என்ஜினியரிடம், "சிமெண்டைக் குறைக்கச் சொன்னது யாரு?" என்று மேஜையைத் தட்டிக் கேட்டார். காண்ட்ராக்டர் பெயர் வரும் என்று மனக்கணக்கு. "உங்களை இங்க அனுப்பி வச்சாரே, அதே செயலாளர்தான் சார்" என்றார் என்ஜினியர். செயலாளர் முன்வரிசையில்தான் இருந்தார். மறுவாரமே வக்கீலைப் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தும்மித் தும்மி அவர் இரண்டு பாடங்களைக் கற்றார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது. சாட்சியைக் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேச விடக் கூடாது.

இந்த இரண்டும் கமிஷன் அறையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்கும் வந்து சேர்ந்தன. "உப்பு சரியா இருக்கா?" என்று மனைவி கேட்டால், "எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார். "பக்கத்து வீட்டுல பயங்கர சண்டையாமே" என்றால், "நீ நேர்ல பார்த்தியா?" என்பார். "இல்ல, கேள்விப்பட்டேன்." "கேள்விப்பட்டதை எல்லாம் ஏத்துக்க முடியாது." ஊர்வம்பை இப்படி முளையிலேயே கிள்ளினால் எந்த மனைவிதான் வாயைத் திறப்பாள்? அந்த அம்மாள் கேள்விப்பட்டதைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் ஒரே மகள் வந்து, தனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது, கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்றாள். பையன் துறைமுகத்தில் என்ஜினியர். துறைமுகம் இருப்பதோ, ரயிலில் ஒரு முழு நாள் போகவேண்டிய ஊரில். கல்யாணம் ஆனதும் மகள் அங்கே போய்விடுவாளா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். 'ஆமாம்' என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மனிதர் அதைக் கேட்கவேயில்லை.

"பையனை வரச் சொல்லு. விசாரிப்போம்" என்றார்.

பையன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். ஒரு சாட்சி பேசும்போது இன்னொரு சாட்சி கூட இருக்கக் கூடாது என்று மகளைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, வக்கீல் சாப்பாட்டு மேஜையில் விசாரணையைத் தொடங்கினார். நீச்சல் தெரியுமா? நாய் கடித்ததுண்டா? குறட்டை உண்டென்றால், மல்லாந்து படுத்தாலா, ஒருக்களித்தாலா?

நடுவில் பையன், "சார், என் வேலை விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க தம்பி."

பையன் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் வக்கீல் எழுந்து, கமிஷனில் ஒவ்வொரு சாட்சியிடமும் சொல்வதைச் சொன்னார். "நீங்க போகலாம். மறுபடி கூப்பிடற உரிமையை வச்சுக்கறேன்."

சொன்னபடி மறுபடியும் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரமும் கூப்பிட்டார். பையன் வருவதும், "அந்த வேலை விஷயம் சார்" என்று இழுப்பதும், வாங்கிக் கட்டிக்கொண்டு போவதும் வாடிக்கையாயிற்று. வக்கீலிடம் சரக்கு தீர்ந்துபோய், எந்தக் கையால் பல் தேய்க்கிறான் என்பது வரை வந்துவிட்டார். அப்பாவின் வழக்கமான இழுத்தடிப்பு என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மகள், ஒருநாள் சமையலறையிலிருந்து விடுவிடுவென்று வந்து அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு சாட்சி நீங்கதான்பா. இவரைப் பிடிச்சிருக்கா?"

"அது வந்து, ரெண்டு பக்கமும் பார்க்கும்போது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில்."

"பிடிச்சிருக்கு. தங்கமான பையன்."

"அப்புறம் ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க?"

கூண்டில் நிற்பவனுக்கு நாக்கு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "இவன் ஊர் எவ்வளவு தூரம்னு தெரியுமா உனக்கு? நீ பாட்டுக்குப் போயிடுவே. எனக்கு பயமா இருக்கும்மா. அப்புறம் இந்த வீட்டுல நான் யாரைப் போய்க் கேள்வி கேப்பேன்?"

பையன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். பழக்க தோஷத்தில் வக்கீல் வாயைத் திறக்க, மனைவி முந்திக்கொண்டாள். "அவரும் ஒரு வார்த்தை சொல்லட்டும், விடுங்க."

"துறைமுகத்தோட இந்த ஊர் ஆபீசுக்கே மாத்தல் வாங்கிட்டேன் சார்" என்றான் பையன். "பால் பூத் பக்கத்துல மாடி வீடும் பார்த்தாச்சு. முதல் நாளே சொல்ல வந்தேன்."

வக்கீல் மகளைப் பார்த்தார். "இவர் உங்ககிட்ட சொல்லிட்டார்னுதானே நினைச்சேன்! என்னைத்தான் சமையலறையில போட்டுட்டீங்களே" என்றாள் அவள்.

"நீயாவது சொல்லக் கூடாதா?" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

"இவ சொல்லி நான் கேள்விப்பட்டதுதானே. நீங்கதான் ஏத்துக்க மாட்டீங்களே" என்றாள் மனைவி. அவள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால், இந்த வாய்ப்புக்காகவே கல்யாணமான நாள் முதல் காத்திருந்தவள் போலிருந்தது.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொரு தடவையும் துடைத்தார். "எனக்கு சம்மதம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் தீர்ப்பு அதுதான்.

பையன் எழுந்து, "அப்ப நான் போகலாமா சார்?" என்றான். அவனை வாசல்வரை கொண்டுவிட மகளும் எழுந்தாள்.

"போகலாம், போகலாம்" என்றார் வக்கீல். பார்வை என்னவோ மகள்மேல்தான் இருந்தது. "மறுபடி கூப்பிடற உரிமையை..." என்று தொடங்கியவருக்கு மேலே சொல்ல வரவில்லை.

மகள் திரும்பி வந்து அவர் தோளில் கைவைத்தாள்.

"பால் பூத் பக்கந்தான்பா. கொஞ்சம் சத்தமா கூப்பிடுங்க, போதும்."